சின்ன வல்லிக்கு வந்த மிரட்டல்கள்

என் கையை வெட்டுவேன், காலை ஒடிப்பேன், கடையோட சேத்துக் கொளுத்திருவேன்னு சொன்னவங்க எங்க மருதமுக்கு ஊர்ல ஏகப்பட்ட பேர் இருக்காங்க. அதுல முக்கால்வாசிப் பேர் எனக்கு ஓட்டுப் போட்டவங்க. மிச்சம் இருக்கிறவங்களும் சாயங்காலமானா என் கடைக்குத்தான் மாவு வாங்க வருவாங்க.

எம்பேரு செண்பகவல்லி. மருதமுக்கு நகராட்சியில பன்னிரண்டாவது வார்டு கவுன்சிலர். கட்சி கிடையாது, சுயேச்சை. வீட்டு முன்பக்கத்துல இட்லி மாவுக் கடை. டிரைவர் இல்லாம ஜேசிபி ஓடுது, சாக்கடைக்குள்ள மெஷின் தானா புகுந்து அடைப்பு எடுக்குது, மனு எல்லாம் போன்லயே போகுது. ஆனா இட்லி மாவை இன்னும் அரைச்சுத்தான் ஆகணும். அதனால ரெண்டு வேலையையும் விடாம பாத்துக்கிட்டு இருக்கேன்.

வம்பு எங்க ஆரம்பிச்சதுன்னா, ஓடையில. எங்க வார்டுக்குப் பின்னால ஒரு மழைநீர் ஓடை போகுது. போகுதுன்னா, போகணும். அதை மறிச்சு திரவியம் அண்ணாச்சி தன்னோட கல்யாண மண்டபத்துக்குப் பந்திக்கூடம் கட்டிட்டாரு. ஐப்பசி பிறந்தா ஓடைத் தண்ணி நேரா எங்க வீடுகளுக்குள்ள வரும். அடுப்படியில முழங்கால் தண்ணியில நின்னு சமைச்சிருக்கோம். நான் ஜெயிச்ச கையோட, பந்திக்கூடத்தை இடிச்சு ஓடையைத் திறக்கணும்னு நகர்மன்றத்துல தீர்மானம் குடுத்தேன்.

அன்னைக்குப் பிடிச்சது சனி. யாருன்னே தெரியாத ஆளுங்க போன்ல கூப்பிட்டு, "ஏய் மாவுக்காரி, உன் கையையே கிரைண்டர்ல விட்டு ஆட்டிருவோம்"னாங்க. அவங்க பேசுறதைப் பாத்துட்டு மத்த ஜனத்துக்கும் துளிர் விட்டுப் போச்சு. குழாயில தண்ணி வரலையா, கவுன்சிலரை மிரட்டு. நாய் கடிச்சிருச்சா, கவுன்சிலரை மிரட்டு. என் தலையை வேற யாரோ உடம்புல ஒட்டி ஒரு படம் ஊரெல்லாம் சுத்துச்சு. ஒரு நாள் காலையில கடையைத் திறக்க வந்தா ஷட்டர் பூரா கழிவு ஆயில். பக்கத்து வார்டு கவுன்சிலர் ஏற்கெனவே பதவியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருச்சு.

நான் பயந்தேன். அதுல மறைக்க என்ன இருக்கு? மாவு எடை போடும்போது தராசு ஆடுறது எனக்கே தெரியும்.

எங்க வீட்டுக்காரர் பேச்சிமுத்து, எலக்ட்ரீஷியன். அதிகம் பேச மாட்டாரு. பேசினா ஒரே பேச்சுதான். "ராஜினாமா பண்ணிரு வல்லி."

"ஏன்? பயமா?"

"எனக்கென்ன பயம்? ரசத்துல உப்பு இல்ல. கவலையில நீ உப்பு போட மறந்துட்ட. ராஜினாமா பண்ணிரு."

கடைசியில ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஓடைத் தீர்மானம் ஓட்டுக்கு வர்ற கூட்டம் வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இந்தத் தொல்லை அடங்கலைன்னா நான் பதவியை விட்டுருதேன். நான் விட்டா அந்தத் தீர்மானத்தைத் தூக்கிப் பிடிக்க வேற நாதி கிடையாது. அது அவருக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும்.

அப்பத்தான் நஸ்ரின் வந்தா. உள்ளாட்சிப் பிரதிநிதிகளைப் பாதுகாக்கணும்னு அரசாங்கத்துல புதுசா ஒரு பிரிவு போட்டிருந்தாங்க. அதுல அவ இன்ஜினியர். டிபன் டப்பா அளவுல ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி பக்கத்துல வச்சா.

"இதுக்குப் பேரு முன்குரல், மேடம். இனிமே உங்க போன் அடிச்சா இதுதான் எடுக்கும். உங்க குரல்லயே பேசும். உங்க வீட்டு விவரம், வார்டு விவரம், இன்னைக்கு நீங்க எந்தத் தெருவுல இருக்கீங்க, எல்லாம் இதுக்குத் தெரியும். கூப்பிடுறவங்களுக்கு நீங்களே பேசுற மாதிரி இருக்கும். வீட்டு ஆளுங்க நம்பரை மட்டும் நேரா உங்களுக்கு விட்டுரும்."

"என்னை மாதிரியே திட்டுமா?"

"திட்டாது மேடம்."

"அப்ப ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருவாங்க."

அவ சிரிச்சா. மேடம் அன்னைக்கே அக்கா ஆயிட்டேன். "மிரட்டுறவங்க வார்த்தையிலயோ குரல்லயோ கோபம் இருக்கும்லக்கா? அந்தக் கோபத்துக்கு அடியில ஏதோ ஒரு குறை கிடக்கும். இது பொறுமையா பேச்சுக் குடுத்து அந்தக் குறையை வாங்கிரும். சிவப்புக் குறி போட்டு நகராட்சிக்கு அனுப்பும். சிவப்பு வந்தா மறுநாளே வேலை முடிஞ்சாகணும். குறை தீந்தா கோபமும் தீந்துரும். பெரிய ஆராய்ச்சி எல்லாம் பண்ணித்தான் இதைச் செஞ்சிருக்காங்க."

"மரியாதையா கேக்குறவங்களுக்கு?"

"அதுக்குப் பச்சைக் குறி. வரிசைப்படி நடக்கும்."

எனக்கு அப்பவே மனசுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. ஆனா போன் அடிக்காத ஒரு வீடு கிடைக்கப் போகுதேங்கிற ஆசையில வாயை மூடிக்கிட்டேன்.

அடடா, அந்த முதல் கொஞ்ச நாள் இருக்கே! நிம்மதியா சாப்பிட்டேன். ரசத்துல உப்பு இருந்துச்சு. பெட்டி பாட்டுக்கு என் குரல்ல "சொல்லுங்கண்ணே, உங்க வருத்தம் புரியுது"ன்னு பேசிக்கிட்டு இருக்கும். நான் பாட்டுக்கு அரிசி ஊற வைப்பேன். எங்க மக தேன்மதி அதுக்குச் சின்ன வல்லின்னு பேரு வச்சா. "நம்ம வீட்டுலயே நல்லா பேசுற ஆளு இதுதாம்மா"ன்னா. நர்சிங் படிக்கிறா, வாய் நீளம். என் வாய்தான்.

முதல்ல மாட்டினது கொத்தனார் மாடசாமி. அவர் தெருவுல சாக்கடை அடைச்சு மாசக்கணக்காச்சு. ஒரு நாள் குடிச்சுட்டு, "உன் கழுத்தை அறுக்கல, நான் மாடசாமி இல்ல"ன்னு கத்தியிருக்காரு. சின்ன வல்லி பொறுமையா விசாரிச்சு சிவப்புக் குறி போட்டுருச்சு. விடிஞ்சதும் மெஷின் வந்து அடைப்பை எடுத்துட்டுப் போயிருச்சு. மாடசாமிக்குப் போதை தெளிஞ்சதே அந்த மெஷின் சத்தத்துலதான். நேரா டீக்கடைக்குப் போய் விஷயத்தை அவிழ்த்து விட்டுட்டாரு.

"ஏப்பா, மனு குடுத்தேன், நடக்கல. கால்ல விழுந்தேன், நடக்கல. கழுத்தை அறுப்பேன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். ஆளில்லாத மெஷினே வீடு தேடி வந்துருச்சு!"

அவ்வளவுதான். எங்க ஊர் ஜனத்துக்குச் சொல்லியா தரணும்? ஒரு வழி திறந்திருக்குன்னு தெரிஞ்சா போதும், குடும்பத்தோட கிளம்பிருவாங்க. வார்டு பூரா என்னை மிரட்ட ஆரம்பிச்சுருச்சு.

ஆனா மிரட்டுற விதம் இருக்கே! சாயங்காலம் சின்ன வல்லி சிவப்புக் குறி போட்டதை மட்டும் எனக்கு ஒண்ணொண்ணா போட்டுக் காட்டும். மேலத்தெரு கோமதி பேசினது இது. "அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க காலை ஒடிச்சிருவேன். எங்க குழாயில மண்ணா வருது. அப்படியே ரெண்டு கிலோ மாவு எடுத்து வச்சிருங்க, சாயங்காலம் வர்றேன்." ரிட்டயர்டு தமிழ் ஆசிரியர் ஒருத்தர் இருக்காரு, நல்லசிவம் ஐயா. அவரு, "அம்மையே, நாளைய கதிரவன் உதிக்குமுன் தங்கள் சிரத்தைக் கொய்வேன். எம் தெருவிளக்கு எரிந்தால் மட்டும் மன்னிப்பேன்"னு சொல்லி வச்சுட்டாரு. அவருக்கு மறுநாளே விளக்கு எரிஞ்சுது. ஒரு பொண்ணு, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டே மிரட்டினா. "உங்களைக் கொன்னு... ஆ காட்டு தங்கம்... கொன்னு புதைச்சிருவேன்க்கா."

கடைக்கு வந்தா நேருக்கு நேராவே கேப்பாங்க. "அக்கா, நேத்து உங்களைக் கொல்லுவேன்னு சொன்னேனே, இன்னும் குப்பை வண்டி வரலையே? சத்தம் பத்தலையோ?"

"பத்தல தங்கச்சி. நாளைக்கு அடிவயித்துல இருந்து பேசு"ன்னு நானும் சொல்லி அனுப்புவேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போன காலம் அது. மிரட்டலுக்கு நடுங்கின நான், மிரட்டல் குறைஞ்சா யாருக்கு உடம்பு சரியில்லையோன்னு கவலைப்படுற அளவுக்கு வந்துட்டேன்.

அதுக்கு நடுவுலதான் அற்புதமேரி அக்கா வந்துச்சு. அவங்க வீட்டுக்காரருக்குக் கண்பார்வை மங்கல். அன்னைக்கு அவங்க மாவு கேக்கல. கடை ஓரமா ஒதுங்கி நின்னு, கூட்டம் போனதும் மெல்லமா சொன்னாங்க.

"வல்லி, எங்க வீட்டு வாசல்ல பாதாளச் சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. நானும் உனக்குப் பல தடவை போன் பண்ணிட்டேன். நீயும் நல்லாத்தான் பதில் சொன்ன. நேத்து அவரு அதுல காலை விட்டுட்டாரு. கணுக்கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்காரு."

"அக்கா, எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீதான போன்ல பேசுன?"ன்னாங்க. அப்புறம், "எல்லாரும் மிரட்டுனா நடக்கும்னு சொன்னாங்க. நானும் போனைக் கையில எடுத்துப் பாத்தேன். வெட்டுவேன் குத்துவேன்னு எனக்கு வாய் வரமாட்டேங்குது வல்லி"ன்னு சொல்லி அழுதாங்க.

என்னை நானே செருப்பால அடிச்சுக்கிடலாம் போல இருந்துச்சு. கூத்தடிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல, வாய் இல்லாத ஜனம் பூரா பச்சை வரிசையில கிடந்து காஞ்சிருக்கு. அன்னைக்குக் கடையைப் பாதியிலேயே சாத்திட்டு, பச்சைக் குறி போட்டதை எல்லாம் எடுத்துக் கேக்க உக்காந்தேன். ஒவ்வொண்ணா குறிச்சுக்கிட்டு வந்தேன். அதுக்கு நடுவுல ஒரு குரல். பழக்கப்பட்ட, தேன் ஒழுகுற குரல்.

"தங்கச்சி, திரவியம் பேசுறேன்மா. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அண்ணாச்சி. நீங்க?" பதில் சொல்றது என் குரல்.

"ஆச்சும்மா. பாப்பா நர்சிங் படிக்குதாமே? ரொம்ப சந்தோஷம். எந்த பஸ்ல வருது?"

"ஆறரை பஸ் அண்ணாச்சி."

"இருட்டிருமே. அரசமரத்து ஸ்டாப்ல இறங்கி நடந்துதான வரணும்? அங்க லைட்டுகூட ஒழுங்கா எரியாது. பாத்து வரச் சொல்லும்மா. ஒத்தைப் பிள்ளை."

"ரொம்ப நன்றி அண்ணாச்சி."

அடுத்தடுத்து இன்னும் இருந்துச்சு. "பாப்பா இன்னைக்கு நீலச் சுடிதார்ல வந்துச்சாமே, நம்ம பையங்க பாத்துட்டு வந்து சொன்னாங்க. மகாலட்சுமி மாதிரி இருந்துச்சாம்." "வெள்ளிக்கிழமை ஓடைக் கூட்டம் இருக்கில்ல தங்கச்சி? அன்னைக்கும் பாப்பா காலேஜுக்குப் போகும்ல?" எல்லாத்துக்கும் சின்ன வல்லி சிரிச்சுக்கிட்டே பதில் சொல்லியிருந்துச்சு. எல்லாத்துக்கும் பச்சைக் குறி. பக்கத்துல ஒரு குறிப்பு வேற: நலம் விசாரிப்பு, குறை எதுவும் இல்லை.

கழுத்தை அறுப்பேன்னு கேட்டப்ப வராத நடுக்கம் எனக்கு அந்தச் 'சாப்பிட்டியா'வுல வந்துச்சு. நஸ்ரினுக்குப் போட்டுக் காட்டினேன். அவ ரெண்டு தடவை கேட்டா.

"எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா. ஆனா இதுல ஒரு வார்த்தைகூடத் தப்பா இல்லையே. குரல்ல கோபமே இல்ல. இந்தப் பெட்டிக்குக் கோபத்தைத்தான் பிடிக்கத் தெரியும்."

"அது என் மக வர்ற பஸ்ஸைச் சொல்லிக் குடுத்திருக்கு நஸ்ரின். அதுவும் என் குரல்ல."

ஸ்டேஷனுக்கும் போனோம். இன்ஸ்பெக்டர் பொற்கொடி நல்ல அம்மா. முழுசா கேட்டுட்டுப் பெருமூச்சு விட்டாங்க. "இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா கோர்ட்டுல, அக்கறையா விசாரிச்சேன்னு அவர் சொன்னா நான் என்ன சொல்ல? பிள்ளைக்குத் துணைக்கு ஆள் போடுறேன். கேஸ் மட்டும் நிக்காது."

வீட்டுக்கு வந்தேன். பேச்சிமுத்துகிட்ட, "நீங்க சொன்னதுதான் சரி. நான் விலகிக்கிடுதேன். ஓடையை விட என் பிள்ளைதான் பெருசு"ன்னேன். எப்பவும் அவசரப்படுத்துற மனுஷன், அன்னைக்குப் பிளாஸ்குல இருந்து டீ ஊத்திக் குடுத்தாரு. தேன்மதிதான் குதிச்சா. "நான் ஏம்மா பயப்படணும்?"னா. அவளுக்கென்ன, அம்மா ஆகும்போது தெரியும்.

ஆனா ஓட்டுப் போட்ட ஜனத்துக்குச் சொல்லாம ஓடக்கூடாதில்ல? மறுநாள் சாயங்காலம் கடையில நல்ல கூட்டம். பாத்திரமும் கையுமா நிக்காங்க. "நான் கவுன்சிலர் பதவியை விடப்போறேன். ஏன்னு கேளுங்க"ன்னு சொல்லிட்டு, அண்ணாச்சி பேசினதை எல்லாம் வரிசையா ஓட விட்டேன்.

யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டி இருக்கல. 'சாப்பிட்டியா' வந்தப்பவே கோமதி முகம் மாறிருச்சு. 'நீலச் சுடிதார்' வந்தப்ப மாடசாமி கையில இருந்த தூக்குவாளியைக் கீழ வச்சுட்டாரு. முடிஞ்சதும் மாவை வாங்கிக்கிட்டு ஒவ்வொருத்தரா போயிட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. இவ்வளவு சொல்லியும் ஒரு ஆறுதல் வார்த்தை இல்லையேன்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில ஆரம்பிச்சது கூத்து. இதை ஒண்ணு விடாம எல்லாரும் எங்கிட்ட வந்து சொன்னாங்க, அதனால எனக்குத் தெரியும்.

முதல் போன் மாடசாமி. "அண்ணாச்சி, சாப்பிட்டீங்களா? காலையில குளத்தங்கரை வழியாத்தான நடக்கப் போவீங்க? பாசி பிடிச்சு வழுக்குது, பாத்துப் போங்க." அப்புறம் கோமதி. "அண்ணாச்சி, சுகர் மாத்திரை எந்தக் கடையில வாங்குறீங்க? ராஜா மெடிக்கல்தான? பாத்து வாங்குங்க, இப்பல்லாம் மாத்திக் குடுத்திருதாங்க." நல்லசிவம் ஐயா விடுவாரா? "ஐயா, தங்கள் மேனி நலந்தானே? தாங்கள் துயிலும் அறையின் சாளரம் கீழ்த்திசை நோக்கியதன்றோ? பனிக்காற்று ஆகாது, தாழிட்டு உறங்குங்கள்." தெரு தெருவா, வீடு வீடா, எல்லாரும் அண்ணாச்சியை நலம் விசாரிச்சாங்க.

சலூன்ல முகத்துல பாதி சவரம் நடக்கையில, கத்தியைக் கையில வச்சுக்கிட்டே கடைக்காரர், "சாப்பிட்டீங்களா அண்ணாச்சி?"ன்னு அன்பா கேட்டிருக்காரு. அண்ணாச்சி மீதிப் பாதி தாடியோடயே எந்திரிச்சுக் கார்ல ஏறிட்டாராம். எல்லாத்துக்கும் மேல நம்ம அற்புதமேரி அக்கா. அவங்களுக்குத்தான் மிரட்ட வாய் வராதே. "அண்ணாச்சி, உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன்"னு மட்டும் சொல்லியிருக்காங்க. அவங்க உள்ளபடியே ஜெபம்தான் பண்ணினாங்க. அண்ணாச்சி ரொம்ப வெலவெலத்துப் போனது அந்த ஒரு போனுக்குத்தானாம்.

சத்தியமா நான் யாரையும் கேக்கச் சொல்லல. கேக்காதீங்கன்னும் சொல்லல, அது வேற விஷயம். ஒண்ணு மட்டும் பெருமையா சொல்லுவேன். அண்ணாச்சிக்குப் பேரன் பேத்தி இருக்கு. அந்தப் பிள்ளைங்களைப் பத்தி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை கேக்கல.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஸ்டேஷன்ல இருந்து என்னை வரச் சொன்னாங்க. ஆள் வச்சு மிரட்டுறேன்னு அண்ணாச்சி என் மேல புகார் குடுத்துட்டாரு. நான் நஸ்ரினையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அண்ணாச்சி நாற்காலி நுனியில உக்காந்திருந்தாரு. கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. பாவமாக்கூட இருந்துச்சுன்னு வச்சுக்கிடுங்களேன்.

இன்ஸ்பெக்டர் பொற்கொடி கேட்டாங்க. "அண்ணாச்சி, நீங்க குடுத்த எல்லாப் பேச்சையும் கேட்டேன். சாப்பிட்டீங்களான்னு கேக்காங்க, பாத்துப் போங்கன்னு சொல்றாங்க. ஒருத்தர்கூட மரியாதைக் குறைவா பேசல. இதுல மிரட்டல் எங்க இருக்கு?"

அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறிருச்சு. "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா? நான் எந்த வழியா நடக்கேன்னு எங்கிட்டயே எதுக்குச் சொல்றான்? உன் வழி எனக்குத் தெரியும், நெனச்சா எப்ப வேணும்னாலும் கை வைப்பேன்னு அர்த்தம். வெட்டுவேன்னு கத்துறவன் எவனும் வெட்ட மாட்டான். இப்படி மெதுவா விசாரிக்கிறான் பாருங்க, இவன்தான் செய்வான். இதுதாம்மா நிஜமான மிரட்டல்!"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்படியே பதிவு பண்ணிக்கிடட்டுமா?"

"தாராளமா பண்ணுங்க."

பொற்கொடி அம்மா பதிவு பண்ணினாங்க. திரும்ப ஒரு தடவை அவருக்கே போட்டுக் காட்டி, சரிதான்னு ஒத்துக்க வச்சாங்க. அப்புறம் ரொம்ப சாதாரணமா கேட்டாங்க.

"அப்ப, வயசுப் பிள்ளை எந்த பஸ்ல வருது, எந்த ஸ்டாப்ல இறங்குதுன்னு ஒருத்தர் அதோட அம்மாகிட்ட விசாரிச்சா, அதுக்கு என்ன அர்த்தம் அண்ணாச்சி?"

நஸ்ரின் தன் பையில இருந்து பெட்டியை எடுத்து மேசை மேல வச்சா. அண்ணாச்சி அந்தப் பெட்டியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அப்புறம் தன் செருப்பைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. நிக்காதுன்னு சொன்ன கேஸ் அவர் வாயாலேயே நின்னுருச்சு.

வெள்ளிக்கிழமை ஓடைத் தீர்மானம் நிறைவேறுச்சு. நான் எங்க ராஜினாமா பண்ண? கைதூக்கவே நேரம் சரியா இருந்துச்சு. ஆளில்லாத ஜேசிபி பந்திக்கூடத்தை இடிக்கையில வார்டே திரண்டு வந்து வேடிக்கை பாத்துச்சு. சிவப்பு, பச்சை வரிசையையும் நஸ்ரின் தூக்கிட்டா. இப்ப எல்லாத்துக்கும் ஒரே வரிசை. உடைஞ்ச மூடிதான் முதல் வேலையா மாத்தினோம்.

அதோட விட்டிருந்தா நல்லாருக்கும். நஸ்ரினோட மேலதிகாரிங்க, அண்ணாச்சியோட வாக்குமூலத்தை அப்படியே பெட்டிக்குப் பாடமா ஏத்திட்டாங்க. அன்பா விசாரிச்சாலும் எச்சரிக்கையா இருக்கணும்னு. போன்ல வர்றது பத்தாதுன்னு, பக்கத்துல நின்னு பேசுறதையும் கேக்கச் சொல்லிட்டாங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்காம இந்த நாட்டுல யாரு பேசுவா? மறுநாள் தமிழ்நாடு பூரா பெட்டிங்கள்ல எச்சரிக்கை விளக்கு சிவப்பா எரிஞ்சுது. ஏதோ ஒரு ஊர்ல, நகராட்சித் தலைவியம்மாவை "மதியம் என்ன சாப்பாடு?"ன்னு கேட்ட சொந்தத் தம்பியை போலீஸ் கூட்டிக்கிட்டுப் போயிருச்சாம்.

சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன், பொற்கொடி அம்மா ஜீப்ல வந்து என் கடை முன்னால இறங்குற வரைக்கும். அவங்க முகத்துல சிரிப்பு இல்ல. கூட நஸ்ரின்.

"அக்கா, பழைய பேச்சை எல்லாம் பெட்டி திரும்ப அலசுச்சு. ஒரு நம்பர் மாட்டியிருக்கு. உங்க ஷட்டர்ல ஆயில் ஊத்தினாங்கல்ல, அதுக்கப்புறம் பெட்டி வச்ச நாள்ல இருந்தே தினமும் ஒரு பெரியவர் கூப்பிட்டிருக்காரு. மனுவே கிடையாது. நீங்க இன்னைக்கு எந்தத் தெருவுக்கு வர்றீங்க, எப்ப திரும்புவீங்கன்னு மட்டும் கேக்காரு. சின்ன வல்லியும் சொல்லியிருக்கு."

"அதோட நிக்கல"ன்னாங்க பொற்கொடி. "நகராட்சி கேமராவுல பாத்தோம். நீங்க போற இடத்துக்கெல்லாம் ஹெல்மெட் போட்ட ஒரு ஆள், கொஞ்சம் தள்ளி, பைக்குல உங்க பின்னாலயே வர்றான்."

முடிஞ்சதுன்னு நெனச்சேனே! உள்ள எங்க வீட்டுக்காரர் எனக்காக மாவு அள்ளிக்கிட்டு இருந்தாரு. "இங்க வந்து கேளுங்க"ன்னு அவரைக் கூப்பிட்டேன். நஸ்ரின் அந்தக் குரலை ஓட விட்டா.

"வணக்கம் மேடம்... நான் ஒரு பொதுஜனம்... இன்னைக்கு மேடம் எந்தப் பக்கமா போறீங்க?"

கரகரன்னு ஒரு கிழட்டுக் குரல். இருமல் வேற. நாடகத்துல தாத்தா வேஷம் போட்ட சின்னப் பையன்கூட இதை விட நல்லா பேசுவான். இத்தனை வருஷமா கூட வாழுறவளுக்கு அது யாருன்னு தெரியாதா?

திரும்பிப் பாத்தேன். பேச்சிமுத்து கரண்டியைக் கையில பிடிச்சபடியே நிக்காரு. மாவு அவர் கால் மேல சொட்டுது.

"வேற சிம் வாங்கினீங்களா?"ன்னேன்.

"ஆமா."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா துணைக்கு வராதீங்கன்னு சொல்லுவ. நான் வந்தா, கவுன்சிலர் வேலையைப் புருஷன்தான் பாக்கான்னு ஊர்ல பேசுவாங்க. அது உனக்குப் பிடிக்காது. அதான் தள்ளியே வந்தேன்."

"பின்ன எதுக்கு ராஜினாமா பண்ணு, ராஜினாமா பண்ணுன்னு உசிரை எடுத்தீங்க?"

"வெயில்ல முடியல வல்லி"ன்னாரு.

அப்பத்தான் அவர் கையைப் பாத்தேன். முழங்கைக்குக் கீழ கருகருன்னு காய்ஞ்சு கிடந்துச்சு. கம்பத்துல ஏறி வேலை பாத்ததுன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துருச்சு. பொற்கொடி அம்மா தொப்பியைக் கழட்டி வச்சுட்டு, சிரிச்ச சிரிப்புல கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அவங்க போனதும் நான் கிளம்பினேன். கீழத்தெருவுல புதுக் குழாய் பதிக்கிறாங்க, பாக்கப் போகணும். பேச்சிமுத்து காலைக் கழுவிட்டு வந்து, ரொம்ப தயங்கி, முதல் தடவையா தன் சொந்தக் குரல்ல கேட்டாரு.

"சாப்பிட்டியா? எந்த வழியா போற?"

கல்லாப்பெட்டி பக்கத்துல சின்ன வல்லி பளிச்சுன்னு சிவப்பா எரிஞ்சுது. மாவுத் துணியை எடுத்து அது மேல போட்டு மூடினேன். அப்புறம் நான் போற வழியை அவர்கிட்ட சொன்னேன்.